பிரெஞ்சுக்காரனை நாம் பார்த்த பார்வை: மூலக்குளம் கூட்டத்தில் ஆற்றிய உரை

(மூலக்குளத்தில் நடந்த நமது வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், பகிருங்கள்.)



மழை வர்ற மாதிரி இருந்தும் இவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருக்கீங்க. பெரியவங்களும் இருக்காங்க, காலேஜ் பிள்ளைகளும் இருக்காங்க. அதனால இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு விஷயத்தை எடுத்துக்கிட்டேன். ஒரு வல்லரசு நாட்டை, அந்த நாட்டுக்காரன் அல்லாத மக்கள் எப்படிப் பார்க்கிறாங்க? அந்தப் பார்வை காலப்போக்கில் ஏன் மாறுது? இதைப் பற்றிப் பேச அமெரிக்காவுக்கோ சீனாவுக்கோ போக வேண்டியதில்லை. நம்ம புதுச்சேரியிலேயே 280 வருஷ வரலாறு இருக்கு.

நம்ம ஊர்ல இரண்டு விதமான பேச்சைக் கேட்டிருப்பீங்க. ஒண்ணு, "பிரெஞ்சுக்காரன் காலத்துல ரோடு எப்படி இருந்துச்சு, வாய்க்கால் எப்படி இருந்துச்சு, இப்ப பாருங்க" என்கிற பேச்சு. இன்னொண்ணு, "வெள்ளைக்காரன்ல என்ன நல்லவன் கெட்டவன், எல்லாரும் கொள்ளைக்காரன்தான்" என்கிற பேச்சு. இரண்டையும் சொல்றவங்க நம்ம வீட்டுப் பெரியவங்கதான். சில வீட்டில ஒரே தாத்தா காலையில ஒண்ணு சொல்லுவார், சாயங்காலம் இன்னொண்ணு சொல்லுவார். அவர் பொய் சொல்லல. அவர் பார்த்த பிரான்ஸ் ஒண்ணு இல்ல, பல. அதைத்தான் வரிசையாப் பார்க்கப் போறோம்.

1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து காலூன்றினப்போ பிரான்ஸ் நமக்கு ஒரு வியாபாரி. துணி வாங்க வந்தவன். நீலத் துணி, வெள்ளைத் துணி வாங்கி ஏற்றிக்கிட்டுப் போறவன். அவன் பெரிய ராஜ்ஜியம் என்று அன்றைக்கு நெசவாளிக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. 1693-இல் டச்சுக்காரன் வந்து அடிச்சு ஊரைப் பிடிச்சுக்கிட்டான். ஆறு வருஷம் கழிச்சுதான் பிரெஞ்சுக்காரனுக்குத் திரும்பக் கிடைச்சுது. கடலில் இருந்து வர்றவன்கள்ல ஒருத்தனை ஒருத்தன் அடிச்சுக்கிறான், இதுல எவன் நிலைப்பான்னு தெரியல. அன்றைய மக்களின் பார்வை அவ்வளவுதான்.

பார்வை என்று எழுத்தில் கிடைப்பது ஆனந்தரங்கப் பிள்ளையோட நாட்குறிப்பில். 1736 முதல் 1761 வரைக்கும், சாகிற வரைக்கும் எழுதியிருக்கார். துய்ப்ளேவுக்குத் துபாஷியா இருந்தவர். பக்கத்துல உட்கார்ந்து பார்த்தவர். உலகத்தில எந்தக் காலனி நாட்டுக்காரனும், ஆள வந்தவனைப் பற்றி இவ்வளவு காலம், இவ்வளவு நெருக்கத்தில், தன் தாய்மொழியில் எழுதி வெச்சது அபூர்வம். நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் அதைத் தொட்டுப் பார்த்திருக்கோம்? கேள்வியா மட்டும் விட்டுடுறேன்.

அதில் என்ன இருக்கு? 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடிக்குது. அடையாறு ஆற்றங்கரையில் ஒரு சின்னப் படை நவாப்போட பெரிய படையை விரட்டுது. பிள்ளைக்குப் பெருமை தாங்கல. துய்ப்ளேவின் புகழ் டில்லி வரைக்கும் போகுதுன்னு நினைக்கிறார். அவரோட சொந்த வியாபாரமும் சொந்த மரியாதையும் அந்தப் புகழோட சேர்ந்து ஏறுது, அதையும் மறந்துடக் கூடாது.

அதே மனுஷன் 1748-இல் என்ன பார்க்கிறார்? ஆங்கிலேயர் கப்பல் படையோட வந்து புதுச்சேரியை முற்றுகை போட்டிருக்கான். அந்தக் குழப்பத்தைச் சாக்கா வெச்சு வேதபுரீசுவரர் கோயிலை இடிக்கிறாங்க. காந்தி வீதியில் இப்ப நாம கும்பிடுறது அப்புறமா வேற இடத்தில் கட்டின கோயில். இடிக்கிற அன்றைக்குத் துபாஷியால ஒண்ணும் செய்ய முடியல. யாருடைய வலது கையா இருந்தாரோ, அவரோட உத்தரவிலேயே அது நடக்குது. நாட்குறிப்பில் அந்தப் பக்கங்களைப் படிச்சா அவரோட கையாலாகாத்தனம் தெரியும். 1743 குறிப்புகளில், ஏழை ஜனங்களைப் பிடிச்சுக் கட்டி அடிமையாக் கப்பலேற்றின விவகாரமும் வருது. மோரீஸ் தீவுக்கும் புர்போன் தீவுக்கும், அதாவது இன்றைய ரெயூனியனுக்கும் போன அடிமைகளில் நம்ம கரை ஆட்களும் உண்டு.

1754-இல் துய்ப்ளேவைத் திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. 1758-இல் லாலி வந்தார். போருக்குச் சாமான் இழுக்க, வண்டி இழுக்க ஊர் ஜனங்களை, எந்தச் சாதின்னு பார்க்காம, இழுத்துப் போட்டார் என்று வரலாறு சொல்லுது. 1761 ஜனவரி 12-இல் ஆனந்தரங்கப் பிள்ளை இறந்தார். சரியா நாலு நாள் கழிச்சு, 16-ஆம் தேதி, புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துச்சு. ஊரைத் தரைமட்டம் ஆக்கினாங்க. நீங்க இன்னைக்கு 'பழைய பிரெஞ்சு நகரம்' என்று செல்ஃபி எடுக்கிற ஊர், அந்த இடிபாட்டுக்குப் பிறகு எழுந்த ஊர்.

இருபத்தஞ்சு வருஷத்தில் ஒரே ஆளோட எழுத்தில் பிரான்ஸ் எத்தனை முகம் காட்டுது பாருங்க. தூரத்தில் இருந்து பார்த்துப் பார்வை மாறின ஆள் இல்ல அவர். உள்ளேயே இருந்து பார்த்தவர்.

அடுத்த அம்பது வருஷம் நம்ம ஊர் பந்து மாதிரி கை மாறினது. 1765-இல் பிரான்சுக்கு, 1778-இல் ஆங்கிலேயருக்கு, மறுபடி பிரான்சுக்கு, 1793-இல் மறுபடி ஆங்கிலேயருக்கு. கடைசியா 1816-இல்தான் பிரான்சுக்கு நிலையாக் கிடைச்சுது. இதுக்குள்ள பாரிஸில் ராஜா தலை போயிடுச்சு, புரட்சி வந்துடுச்சு, சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவம் என்று எழுதிட்டாங்க. அந்த மூணு வார்த்தை நம்ம கடற்கரைக்கு வந்து சேர எவ்வளவு காலம் ஆச்சு என்பதுதான் அடுத்த கதை.

1819-இல் இங்கே ஒரு ஒழுங்குமுறை போட்டாங்க. இந்தியர்களோட பழக்கவழக்கம், சாதி ஆசாரம் இதெல்லாம் அப்படியே இருக்கும், அரசு தலையிடாது என்று. மேலே பார்த்தா மரியாதை மாதிரி தெரியும். ஆனா சாதியில் கீழே வைக்கப்பட்டவனுக்கு அது என்ன அர்த்தம்? 'உன்னை மிதிக்கிறவனோட பழக்கத்தை நான் மதிக்கிறேன்' என்று அர்த்தம். ஆக அதே சட்டம் மேல்தெருவுக்கு ஒரு பிரான்ஸ், சேரிக்கு இன்னொரு பிரான்ஸ்.

1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்று ஒரு வழக்கறிஞர். ஐரோப்பியர் மாதிரி பூட்ஸ் போட்டுக்கிட்டு நீதிமன்றத்துக்குள்ள போறார். கூடாதுன்னு தடுக்கிறாங்க. இந்தியன் உள்ளே வரணும்னா அந்தக் காலணி கூடாதாம். மனுஷன் விடல. வழக்கைப் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனார், ஜெயிச்சார். அதுக்கப்புறம் தன் பேரோட 'லப்போர்த்' என்று சேர்த்துக்கிட்டார். பிரெஞ்சில் 'கதவு' என்று அர்த்தம். கதவைத் திறந்துட்டோம் என்கிற பெருமை!

இந்த வழக்கை நல்லாக் கவனிங்க. தடுத்ததும் பிரான்ஸ்தான், திறந்ததும் பிரான்ஸ்தான். புதுச்சேரி நீதிபதி தடுக்கிறார், பாரிஸ் நீதிபதி திறக்கிறார். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சு அதுக்குள்ள புகுந்து வேலை பார்த்தது நம்ம ஆளோட கெட்டிக்காரத்தனம். பிரான்ஸ் தானா வந்து கொடுத்துட்டுப் போகல.

1881 செப்டம்பரில் இன்னொரு ஆணை வந்தது. உன் சாதி ஆசாரச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள்ள வா, ஒரு குடும்பப் பேர் வெச்சுக்கோ, முழுப் பிரெஞ்சுக் குடிமகன். 'ரெனோன்சான்' என்று நம்ம ஊர்ல சொல்லுவோமே, துறந்தவர்கள், அவங்கதான். இதில் போனவங்களில் பெரும்பகுதி கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும். அவங்களுக்குப் பிரான்ஸ் ஒரு வெளியேறும் வழி. இந்தப் பக்கம் நாடு சண்முக முதலியார் தலைமையில் மேல்சாதிக்காரங்க இதை எதிர்த்தாங்க. அவங்களுக்குப் பிரான்ஸ் ஒரு ஆபத்து. அதே சமயம் அந்த எதிர்ப்பையும் பிரெஞ்சு ஓட்டுப் பெட்டி வழியாத்தான் நடத்தினாங்க! தேர்தல், ஓட்டு, கட்சி, மேரி, கொம்யூன் எல்லாத்தையும் கத்துக்கிட்டு, அதை வெச்சே சமத்துவத்தைத் தடுத்தாங்க. சும்மா சொல்லக் கூடாது, பலே ஆட்கள்.

ஓட்டு இருந்ததுன்னு சொன்னேன். எப்படிப்பட்ட ஓட்டு? ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், நமக்குத் தனிப் பட்டியல். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஐரோப்பியர் பட்டியலுக்கு அவங்க தலைக்கு மேல பல மடங்கு இடம். இரண்டாம் உலகப் போர் முடிகிற வரை இந்த ஏற்பாடு ஓடிச்சு. ஓட்டுக்கு அடிதடி, கள்ள ஓட்டு, சாராயம் எல்லாம் பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே அமோகம். "அந்தக் காலத்துல இதெல்லாம் இல்ல" என்று யாராவது சொன்னா கொஞ்சம் சிரிச்சுக்கோங்க.

துறந்தவங்களில் பலர் சைகோனுக்குப் போனாங்க. இன்றைய ஹோசிமின் நகரம். அங்கே போலீஸ், வரி வசூல், தபால், சுங்கம் என்று பிரெஞ்சு அரசாங்க வேலை. அங்க இன்னும் நம்ம ஆட்கள் கட்டின மாரியம்மன் கோயில் இருக்கு. ஒரு வியட்நாம் விவசாயியின் கண்ணுக்கு, வரி கேட்டு வாசல்ல வந்து நின்ன பிரான்ஸ் எப்படி இருந்திருக்கும்? கறுப்பாத் தமிழ் பேசிக்கிட்டு இருந்திருக்கும். இதைச் சொல்ல நமக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா சொல்லாம வரலாறு பேசக் கூடாது.

அதே காலத்தில் இன்னொரு கூட்டம் கப்பலேறிச்சு, ஒப்பந்தக் கூலிகளா. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகத்தில் இருந்து ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப். குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரம் பேருக்கு மேல. கரும்புத் தோட்டம். அடிமை முறையை 1848-இல் ஒழிச்சுட்டோம் என்று பிரான்ஸ் பெருமையா அறிவிச்சுட்டு, அந்தக் காலி இடத்தை நம்ம ஆட்களை வெச்சு நிரப்பிச்சு. அங்கே பிறந்து வளர்ந்த அவங்க பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்ல, ஓட்டு இல்ல. ஹென்றி சிதம்பரம் என்று ஒருத்தர், அந்தத் தீவிலேயே பிறந்தவர், 1904-இல் இதை எதிர்த்து வழக்கைத் தொடங்கினார். 1923 வரைக்கும் இழுத்துச்சு. பத்தொன்பது வருஷம். ஜெயிச்சார். பொன்னுத்தம்பி கதையேதான், கடலுக்கு அந்தப் பக்கம்.

இப்ப எல்லைக்கு வெளியே இருந்து பார்க்கிறவங்களுக்கு வருவோம். நமக்கு இதுதான் ரொம்பப் பழக்கமான கதை.

1908-இல் பாரதி இங்கே வர்றார். 1910 ஏப்ரலில் அரவிந்தர், அதே வருஷம் வ.வே.சு. ஐயர். ஆங்கிலேயன் துரத்துறான், பிரெஞ்சு மண்ணுல கால் வெச்சா அவன் கை நீளாது. அந்தப் பக்கத்துத் தேசபக்தனுக்குப் புதுச்சேரி சுதந்திர பூமி. 'இந்தியா' பத்திரிகை இங்கே இருந்து அச்சாகி அந்தப் பக்கம் போகுது. தமிழ்நாட்டில் பிரான்சுக்கு இன்றைக்கும் இருக்கிற நல்ல பேருக்கு இந்தப் பத்து வருஷம் ஒரு பெரிய காரணம்.

ஆனா அந்த அடைக்கலம் எவ்வளவு கெட்டி? 1911-இல் ஆஷ் துரை சுடப்பட்ட பிறகு ஆங்கிலேயன் நெருக்குறான். வெளியில் இருந்து வந்து தங்கியிருக்கிறவங்க பதிவு செய்யணும், உள்ளூர்ப் பெரிய மனுஷங்க அஞ்சு பேர் கையெழுத்துப் போடணும் என்று இங்கே சட்டம் வருது. அந்தக் கையெழுத்தைப் போட்டது யார்? கவர்னர் இல்ல. நம்ம ஊர் ஆட்கள். போலீஸ் வீடு தேடி வரும்னு தெரிஞ்சும் போட்டாங்க. உலகப் போர் வந்ததும் ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் ஒரே அணி. இவங்களை அல்ஜீரியாவுக்கு அனுப்பிடலாமா என்கிற பேச்சே நடந்தது. 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டினதும் கடலூர்ல கைது. அடைக்கலம் கொடுத்தது பிரான்ஸ் என்று சொல்றதை விட, இரண்டு வல்லரசுக்கு நடுவில் இருந்த ஒரு சந்து என்று சொல்றது சரி. அந்தச் சந்தைக் காவல் காத்தது புதுச்சேரி மக்கள்.

இப்ப 1936. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாப் பேசணும்.

அந்த வருஷம் மே மாசம் பிரான்சில் இடதுசாரிகள் சேர்ந்த மக்கள் முன்னணி ஜெயிக்குது. லெயோன் புளும் பிரதமர். நாடு முழுக்கத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செஞ்சு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துட்டாங்க. அரசு, முதலாளிகளைக் கூப்பிட்டு உட்கார வெச்சு ஒப்பந்தம் போட வெச்சுது. ஜூன் மாசம். சம்பள உயர்வு, சங்க உரிமை, அடுத்தடுத்து வாரத்துக்கு 40 மணி நேர வேலை, சம்பளத்தோட விடுமுறை. பாரிஸ் தொழிலாளி குடும்பத்தோட முதல் முறையாக் கடற்கரை பார்க்கப் போன வருஷம் அது.

இங்கே? ரோதியே, கப்ளே, சவானா என்று மூணு பெரிய ஆலை. விடியலுக்கு முன்ன சங்கு, இருட்டின பிறகு வீடு. பெண்கள், சின்னப் பிள்ளைகள் எல்லாம் தறியில. தோழர் வ. சுப்பையா 1934-இல் 'சுதந்திரம்' பத்திரிகையை ஆரம்பிச்சு, தொழிலாளிகளைத் திரட்டிக்கிட்டு வர்றார். இவங்க கேட்டது என்ன? பாரிஸ்ல கொடுத்ததில் கொஞ்சம். அதே கொடி பறக்கிற மண்ணுதானே இது? இவங்களும் பாரிஸ்காரன் மாதிரியே ஆலைக்குள்ள உட்கார்ந்தாங்க.

1936 ஜூலை 30. சவானா ஆலை. துப்பாக்கிச் சூடு. பன்னிரண்டு பேர் செத்தாங்க.

ஜூன்ல பாரிஸ், ஜூலைல புதுச்சேரி. நடுவுல ஒரே மாசம். அரசு ஒண்ணு, கோரிக்கை ஒண்ணு. அங்கே ஒப்பந்தம், இங்கே தோட்டா.

அதோட விட்டாங்களா நம்ம ஆட்கள்? அதுதான் அந்தத் தலைமுறை. 1937-இல் சுப்பையா பாரிஸுக்கே போறார். சுட்டவன் தலைமையகத்துக்கே போய், உன் சட்டத்தை நீ இங்கே ஏன் மதிக்கலன்னு கேட்கிறார். 1937 ஏப்ரல் 6-இல் எட்டு மணி நேர வேலையும் தொழிற்சங்க உரிமையும் இங்கே சட்டமாச்சு. ஆசியாவிலேயே முன்னோடின்னு இன்னைக்கும் நாம பெருமையாச் சொல்ற சட்டம். சில சுற்றுலாக் கையேட்டில இதைப் 'பிரெஞ்சு ஆட்சியின் முற்போக்கு' என்கிற கணக்கில் எழுதுறாங்க. பன்னிரண்டு உசிரு அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் வருது?

இரண்டாம் உலகப் போர்ல பாரிஸ் ஹிட்லர் கையில் விழுந்தப்போ, 1940 செப்டம்பரில் புதுச்சேரி கவர்னர் தெகோல் பக்கம் நின்னார். நம்ம ஊர் ஆட்கள் பலர் பட்டாளத்தில் சேர்ந்தாங்க. ஆலையில் அடிபட்டவங்களே பாசிசத்தை எதிர்க்கப் பிரான்ஸ் பக்கம் நின்னாங்க. இதை முரண்பாடுன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. எது பெரிய கேடு என்று தெரிஞ்சு நின்னாங்க.

1947-க்குப் பிறகு பார்வை மறுபடி புரளுது. அந்தப் பக்கம் சுதந்திரம் வந்துடுச்சு. இங்கே இன்னும் மூவண்ணக் கொடி, ஆனா பிரெஞ்சு மூவண்ணம். மூலக்குளத்தில் இருந்து விழுப்புரம் ரோட்டுல கொஞ்ச தூரம் போனா வேற நாடு. 1949-இல் இந்திய அரசு சுங்க வேலி போட்டதும், நெருக்கடியும் வந்தது, கடத்தலும் வந்தது. கடிகாரம், தங்கம், சாராயம். அதில் பணம் பார்த்தவனுக்குப் பிரான்ஸ் இருக்கிறது லாபம். கீழே இருந்தவனுக்கு அடியாள் தொல்லை, வீடு கொளுத்தல். எதுவார் குபேர் பல வருஷம் பிரான்ஸ் பக்கம் நின்னவர், 1954 மார்ச்சில் இணைப்புப் பக்கம் தாவினார். நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு. 1963-இல் முதலமைச்சரும் ஆயிட்டார். இன்னைக்குக் கடற்கரை ரோடு அவர் பேர்ல, பெரிய மார்க்கெட் அவர் பேர்ல. ஒரு தனி மனுஷனோட பார்வை எவ்வளவு வேகமா மாறலாம், அதுக்கு எவ்வளவு பெரிய ரோடு கிடைக்கலாம் என்பதுக்கும் நம்ம ஊர்ல உதாரணம் இருக்கு.

1954 மே 7-இல் வியட்நாமில் தியன் பியன் பூ கோட்டை விழுந்தது. பிரான்ஸ் தோற்கிறதை உலகமே பார்த்தது. அக்டோபர் 18-இல் கீழூர்ல மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டாங்க. இணைப்புக்கு 170, எதிர்த்து 8. நவம்பர் 1-இல் ஆட்சி கை மாறுச்சு. சட்டப்படி ஒப்படைக்க 1962 ஆகஸ்ட் 16 வரைக்கும் ஆச்சு. அல்ஜீரியா கையை விட்டுப் போன பிறகுதான் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு நம்ம ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுக்க மனசு வந்தது.

அந்த ஒப்பந்தப்படி, இங்கே பிறந்து இங்கே வாழ்கிறவங்க இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். ஏறத்தாழ 5,000 பேர் எழுதிக் கொடுத்தாங்க. சொல்தா குடும்பங்கள், பென்ஷன் வாங்குறவங்க, சைகோன் போய் வந்தவங்க. அன்றைக்கு எழுதிக் கொடுக்காதவங்க முட்டாளும் இல்ல, எழுதிக் கொடுத்தவங்க துரோகியும் இல்ல. 1962-இல் யாருக்கும் தெரியாது, அந்தக் காகிதம் நாற்பது வருஷம் கழிச்சுக் கல்யாணச் சந்தையில் சீர்வரிசைக்கு மேல நிற்கும் என்று! "மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி" என்று சொன்னதும் எத்தனை வீட்டில் ஜாதகப் பொருத்தமே மறந்துபோச்சு. எல்லாரும் சிரிக்கிறீங்க. எந்தெந்த வீடுன்னு உங்களுக்கும் தெரியுது.

இன்னைக்கும் பிரான்ஸ் ஜனாதிபதித் தேர்தல் வந்தா நம்ம புதுச்சேரி, காரைக்கால் பக்கம் நாலாயிரத்துக்கு மேல ஓட்டுரிமை உள்ளவங்க இருக்காங்க. ஜூலை 14 அன்று கடற்கரைப் போர் நினைவிடத்தில் மெடல் குத்திக்கிட்டு நிற்கிற பெரியவங்களைக் கேலி பண்ணாதீங்க. அவங்க அல்ஜீரியாவிலும் இந்தோசீனாவிலும் யாருக்காகச் சண்டை போட்டாங்க என்பது விவாதிக்க வேண்டிய விஷயம். ஆனா அவங்க சம்பளத்தில் படிச்சு வந்த பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்காங்க.

பாரிஸுக்குப் போன நம்ம பிள்ளைகளோட பார்வை இன்னொரு மாதிரி. இங்கே இருக்கிற வரைக்கும் 'பிரெஞ்சுக்காரன்'. சார்சேல்ல போய் இறங்கினதும் 'வெளிநாட்டுக்காரன்'. வீடு வாடகைக்குக் கேட்டா பேரைப் பார்க்கிறான். லா சப்பல் பக்கம் போனா ஈழத்துத் தமிழர் கடைகள். அவங்களுக்குப் பிரான்ஸ் என்றால் குண்டுக்குத் தப்பி வந்து அகதி விண்ணப்பம் கொடுத்த நாடு. ஒரே கடையில் சாமான் வாங்குற இரண்டு தமிழருக்கு ஒரே பிரான்ஸ் இரண்டு நாடு. 2004-இல் பள்ளிக்கூடத்தில் மத அடையாளம் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. முக்காடு போட்ட பெண்ணையும் தலைப்பாகை கட்டின பையனையும் வாசலில் நிறுத்தின சட்டம். 1873-இல் காலணி, 2004-இல் தலைத்துணி என்று எனக்குத் தோணுது. இதில் மாற்றுக் கருத்து உள்ள தோழர்கள் இருக்கீங்க, கேள்வி நேரத்தில் பேசலாம்.

அமெரிக்காவை விட்டுட்டேன்னு நினைக்க வேண்டாம், ஒரு நிமிஷம். அறுபதுகளில் பி.எல்.480 கோதுமை ரேஷன் கடைக்கு வந்தப்போ அமெரிக்கா சோறு போட்ட நாடு. 1971-இல் ஏழாவது கடற்படையை வங்கக் கடலுக்கு அனுப்பினப்போ மிரட்டின நாடு. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைகளுக்குச் சொர்க்கம். 2025 பிப்ரவரி 5-இல் 104 இந்தியர்களைக் கையில் விலங்கு போட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரசில் கொண்டுவந்து இறக்கினாங்க. அதே வருஷம் செப்டம்பரில் எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு அறிவிச்சாங்க. 'கனவு தேசம்' என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வெச்ச அதே வீட்டில் மறு மாசம் திட்டு. இதை நாம புதுசாப் பார்க்கல. நம்ம முப்பாட்டனார் துய்ப்ளே விஷயத்தில் பார்த்தாச்சு.

பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்போம்னு பிரான்ஸ் ஜனாதிபதி 2024-இல் அறிவிச்சிருக்கார். போங்க. நல்லாப் படிங்க. பிரெஞ்சு மொழி கத்துக்கோங்க, நம்ம ஊர்ல அதுக்கு வசதி இருக்கிற மாதிரி வேற எங்கேயும் இல்ல. ஆனா போறப்போ பொன்னுத்தம்பி மாதிரி போங்க. அந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தைப் படிச்சுட்டு, அதில் உனக்கு என்ன உரிமை எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. நன்றிக்கடனோடயும் போக வேண்டாம், வெறுப்போடயும் போக வேண்டாம்.

கடைசியா நம்ம ஊர் விஷயம். மேரி கட்டடம் 2014 மழையில் இடிஞ்சு விழுந்துச்சு. அதே மாதிரி திரும்பக் கட்டிட்டாங்க. நல்ல காரியம், நாமும் வரவேற்கிறோம். வெள்ளை நகரத்தில் மஞ்சள் சுவருக்கு வருஷா வருஷம் பெயின்ட். துய்ப்ளே சிலை பத்திரமா நிற்குது. ஆனா ரோதியே ஆலை, பிறகு ஏ.எஃப்.டி. ஆச்சே, அது 2020-இல் மூடிட்டாங்க. சவானா, பிறகு சுதேசி மில்லு, அதுவும் ஓடல. சுற்றுலா வர்ற பிள்ளைக்குப் பிரெஞ்சுக்காரன் வீட்டு ஜன்னலைக் காட்டுறோம். அந்த ஜன்னலுக்குக் காசு வந்த ஆலையைக் காட்டுறதில்ல. ஜூலை 30 அன்று தொழிற்சங்கத் தோழர்கள் போய் அஞ்சலி செலுத்துறாங்க. எத்தனை பள்ளிக்கூடம் பிள்ளைகளை அழைச்சுக்கிட்டுப் போகுது? 2023-இல் பக்கத்துத் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடுற சட்டத் திருத்தம் வந்து, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெற்றாங்க. எட்டு மணி நேரம் என்பது எங்கே, யார் செத்து வந்ததுன்னு நம்ம பிள்ளைகளுக்கே தெரியலன்னா, நாளைக்கு இங்கே அதைத் தொடுறப்போ யார் எழுந்து நிற்பாங்க?

அதனால இந்தக் கூட்டத்தில் இரண்டு வேலை வைக்கிறோம். ஒண்ணு, வர்ற ஜூலை 30-க்கு மூலக்குளம், ரெட்டியார்பாளையம் பகுதியில் இருந்து பிள்ளைகளை ஆலை வாசலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறது. பெற்றோர் சம்மதத்தோட, வண்டி ஏற்பாட்டோட. பேர் கொடுக்க விரும்புறவங்க கிளைத் தோழர்களிடம் கொடுங்க. இரண்டாவது, வீட்டில் பழைய பிரெஞ்சுக் காகிதம் ஏதாவது இருந்தா, ஆலை அடையாள அட்டை, பட்டாளத்துப் புத்தகம், சைகோன்ல இருந்து வந்த கடிதம், துறந்தப்போ கொடுத்த பத்திரம், எதுவா இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. அடுத்த கூட்டத்துக்கு எடுத்துக்கிட்டு வாங்க. நகல் எடுத்துட்டு அசலை அன்றைக்கே உங்க கையில் கொடுத்துடுவோம். பிரெஞ்சு படிக்கத் தெரிஞ்ச பெரியவங்க இரண்டு பேர் உட்கார்ந்து வாசிச்சுச் சொல்றதா ஒத்துக்கிட்டிருக்காங்க.

மேகம் நல்லாக் கறுத்துடுச்சு. கேள்வி இருக்கிறவங்க கேளுங்க, டீ வந்துக்கிட்டே இருக்கு.